வாடிய கொத்தை நறுக்கும் முறை

உங்கள் அம்மா வீட்டு ஃபிளாக்ஸ் பூச்செடி இலைகளில் வெள்ளையாக மாவு படிகிறது என்றீர்களே, மிஸ் ஹோலிங்கர், அது மாவு இல்லை, சாம்பல் நோய். அதற்கு மருந்து தேடி அலைய வேண்டாம். செடிகள் ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்து நெருக்கிக்கொண்டு நிற்கும், நடுவில் காற்று நுழையாது, அதுதான் காரணம். வசந்தத்தில் தண்டுகள் ஒரு முழம் வளர்ந்ததும் பாதியைத் தரையோடு நறுக்கிவிடச் சொல்லுங்கள். மெலிந்ததை எடுத்துவிட்டுத் தடித்ததை விடவேண்டும். பாவம் பார்த்தால் எல்லாமே கெட்டுப்போகும். தண்ணீரை வேரில் விடவேண்டும், தலையில் ஊற்றக்கூடாது.

நீங்கள் இதைக் கேட்டது என்னைப் பேசவைக்கத்தான் என்று தெரியும். பரவாயில்லை. பல் வைத்தியரிடம் இருபத்தைந்து வருஷம் வரவேற்பில் உட்கார்ந்திருந்தவள் நான். பயந்து வருகிறவர்களிடம் முதலில் வானிலையைப் பற்றித்தான் பேசுவேன். ஆனால் நான் பயப்படவில்லை. ஒரே இடத்தில் உட்கார முடியவில்லை, அவ்வளவுதான். மே மாதத்திலிருந்தே இப்படித்தான். இந்தக் காகிதக் கோப்பையைக் கிழித்துக்கொண்டே பேசுகிறேன், தப்பாக நினைக்காதீர்கள். கைக்கு ஏதாவது வேலை வேண்டும்.

அயோனா ட்ரெக்ஸ்லரைப் பற்றிச் சொல்கிறேன். அவள் மகள் கிரெட்டா உங்களிடம் நிறையச் சொல்லியிருப்பாள். ஆனால் கிரெட்டாவுக்குத் தெரிந்தது அம்மாவை மட்டும். அயோனாவைத் தெரிந்தவள் நான்.

புதுப்பெண்டாட்டியாக அவள் பக்கத்து வீட்டுக்கு வந்த அந்த முதல் ஜூலையிலேயே என்னை ஆற்றங்கரைக்கு இழுத்துக்கொண்டு போனாள். நம் சஸ்குவஹானா ஆற்றங்கரையில் ஃபிளாக்ஸ் தானாக முளைத்து ஆளுயரம் நிற்கும், கத்தரிப்பூ நிறத்தில். யாரும் அதை வீட்டுச் செடியாக நினைத்ததில்லை. அவள் மண்வெட்டியும் வாளியுமாக வந்தாள், காலில் புருஷனுடைய பூட்ஸ். தூரைப் பெயர்த்து எடுக்கும்போது சேற்றில் சறுக்கி இடுப்புவரை இறங்கிவிட்டாள். இறங்கிவிட்டுச் சிரிக்கிறாள்.

"கைய குடு வில்மா. சும்மா நின்னு வேடிக்கை பாத்தேன்னா உன்னையும் உள்ள இழுத்துருவேன்."

கையைக் கொடுத்தேன். கொடுத்த கையைப் பிடித்து இழுத்துவிட்டாள். இரண்டு பேரும் சேற்றில் கிடந்தோம். எங்கள் வீட்டில் யாரும் அப்படி விளையாடியதில்லை. எங்கள் அப்பாவுக்குச் சேறு பிடிக்காது, சிரிப்பும் பிடிக்காது. அன்று வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு நெடுநேரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது ஞாபகம் இருக்கிறது. அப்போதெல்லாம் என்னால் உட்கார முடிந்தது.

பூப்பாத்தியை அப்படித்தான் தொடங்கினோம். அவள் வீட்டுத் தெற்குச் சுவரை ஒட்டி, தெருவிலிருந்து பின்பக்கம் வரைக்கும். என் வேலியில் ஒரு பலகையைக் கழற்றி வழி வைத்துக்கொண்டோம். ஆற்றங்கரைச் செடிக்குப் பிறகு நாற்றுப்பண்ணையிலிருந்து ஒவ்வொன்றாக வாங்கி வந்தோம். வெள்ளை, வெளிர் ஊதா, நடுவில் சிவப்புப் பொட்டு வைத்த ரோஸ். மூன்று நான்கு வருஷத்துக்கு ஒருமுறை தூரைத் தோண்டி, நடுவில் கிழடு தட்டிய வேரை எறிந்துவிட்டு, ஓரத்து இளவேரைப் பிரித்து நடவேண்டும். மக்கு உரம் போடவேண்டும். வெயில் வேரைச் சுடாமல் இலைச்சருகால் மூடாக்குப் போடவேண்டும். மான்கள் வரும், முயல் வரும். எல்லாவற்றையும் இரண்டு பேருமாகப் பார்த்துக்கொண்டோம்.

ஒன்று முக்கியம், அம்மாவிடம் சொல்லுங்கள். பூ வாடினதும் கொத்தை நறுக்கிவிட வேண்டும். விட்டுவிட்டால் விதை தெறித்துத் தாய்ச்செடியின் காலடியிலேயே முளைக்கும். முளைக்கிறது எல்லாம் அந்தப் பழைய ஆற்றங்கரை நிறம், முரட்டுச் செடி. சில வருஷத்தில் தாயை நெருக்கிச் சாகடித்துவிட்டு அதே இடத்தில் நிற்கும். 'என் வெள்ளைப்பூ கத்தரிப்பூ நிறமாக மாறிவிட்டது' என்பார்கள் தெரியாதவர்கள். பூ ஏன் மாறுகிறது. பிள்ளை தாயை விழுங்கியிருக்கும்.

அவள் புருஷன் மெர்ல் இறந்த பிறகு நல்ல காலம். அதாவது, அயோனா அழுதாள்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் காலையில் காப்பிக்கு என் சமையலறைக்கு வர ஆரம்பித்தாள். மதியம் பாத்தியில் இருப்போம். கோழி பாட்-பை செய்தால் பாதி எனக்கு. ஆப்பிள் ஜாம் கிளறினால் பாதி அவளுக்கு. கிரெட்டா அரிசோனாவில் இருந்தாள், கிறிஸ்துமஸுக்கு வருவாள், வந்தால் தோட்டத்துப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கமாட்டாள். குளிர்காலத்தில் பார்க்க ஒன்றும் இல்லை என்பாள். மண்ணுக்கு அடியில் எல்லாம் இருக்கிறது என்று அவளுக்கு யார் சொல்வது.

இந்த மே மாதம் இரண்டு பேரும் பாத்தியில் முட்டி போட்டுத் மெலிந்த தண்டுகளை நறுக்கிக்கொண்டிருந்தோம். அப்போதுதான் சொன்னாள், என் முகத்தைப் பார்க்காமல்.

"கிரெட்டா எனக்குன்னு ஒரு ரூம் கட்டியிருக்கா வில்மா. தனி வாசல், தனி பாத்ரூம். செப்டம்பர்ல வந்துருங்கறா."

"அரிசோனாவுக்கா?"

"வேற எங்க. அவ என்ன, சந்திரன்லயா இருக்கா."

"அங்க கள்ளிதானே முளைக்கும்."

"முளைக்கட்டுமே. கள்ளி என்னை முட்டி போடச் சொல்லாது பாரு." சிரித்தாள். சேற்றில் சிரித்த அதே சிரிப்பு.

"இதையெல்லாம் என்ன பண்ணப் போற?"

"நீ எடுத்துக்கோடி. வேணுங்கறத தோண்டி உன் பக்கம் வச்சுக்கோ. மிச்சத்த வீட்டை வாங்கறவங்க பாத்துக்குவாங்க."

குனிந்து பார்த்தால் ஒரு தூரையே தரையோடு ஒட்ட நறுக்கியிருந்தேன், நல்ல தண்டு, கெட்ட தண்டு எல்லாவற்றையும். அது வெளிர் ஊதா. இந்த வருஷம் அது பூக்கவில்லை. நீங்கள் பாத்தியைப் பார்த்திருந்தால் நடுவில் ஒரு வெற்றிடம் தெரிந்திருக்கும்.

ஆறப்போட்டால் ஆறிவிடும் என்பார்கள். எனக்கு ஆறவில்லை. கெட்டிலை அடுப்பில் வைத்துவிட்டு வெளியே போவேன், திரும்பி வந்தால் தண்ணீர் வற்றிக் கெட்டில் கருகிக்கொண்டிருக்கும். துவைத்த துணியை மறுபடி துவைப்பேன். தேவாலயத்தில் பாட்டுக்கு எழுந்தவள் பிரசங்கத்துக்கு உட்காராமல் நின்றுகொண்டே இருந்தேன், பின்னால் இருந்தவர் தோளைத் தொட்டார். கால்கள் தாமாகவே வேலிப் பக்கம் போய்விடும். அங்கே நின்று அவள் வீட்டு வாசலில் அறைந்திருந்த 'விற்பனைக்கு' பலகையைப் பார்ப்பேன், உள்ளே போவேன், மறுபடி வருவேன்.

அந்த ஜன்னலைத் திறக்க முடியாதா? சரி, இருக்கட்டும்.

வீடு பார்க்க முதலில் வந்தவர்கள் வயதான தம்பதி. அந்த அம்மாள் வேலியருகே வந்து, அக்கம்பக்கம் எப்படி என்று கேட்டாள். அமைதியான தெரு என்றேன். பெருவெள்ளத்தின்போது நிலவறைக்குள் ஆறு வந்ததையும் சொன்னேன். அது உண்மை. எவ்வளவு உயரம் என்றாள். கையால் காட்டினேன். கொஞ்சம் கூடக் காட்டியிருக்கலாம். அவர்கள் திரும்பி வரவில்லை.

அடுத்து ஒரு நர்ஸ் வந்தாள். தனியாக இருப்பவள், சாவைப் பற்றிக் கவலைப்படமாட்டாள் என்று நினைத்தேன், ஆனாலும் மெர்ல் முன்னறையில்தான் இறந்தார் என்று சொல்லிவைத்தேன். அவளும் வரவில்லை.

இது அயோனாவின் காதுக்குப் போய்விட்டது. பிசைந்த மாவு கையில் ஒட்டியிருக்க, அப்படியே வந்து என் சமையலறையில் நின்றாள்.

"ஏன்டி வில்மா, மெர்ல் ஹால்ல செத்தாருன்னு சொன்னியா?"

"அங்கதானே மயங்கி விழுந்தாரு."

"செத்தது ஆஸ்பத்திரியில. நீதான் கார் ஓட்டிட்டு வந்த."

"வார்த்தைதானே அயோனா. அவங்க கேட்டாங்க, சொன்னேன்."

அவள் சிரிக்கவில்லை. நெடுநாள் வீட்டில் வளர்ந்த நாய் முதல் தடவையாக உறுமினால் எப்படிப் பார்ப்போம், அப்படிப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "என் வீட்டுச் சாவி உங்கிட்ட ஒண்ணு இருக்குல்ல, குடுத்துரு. ப்ரோக்கர் கேக்கறான்" என்றாள்.

எடுத்துக் கொடுத்தேன். இன்னொன்று வைத்திருந்தேன், மெர்ல் உடம்பு சரியில்லாமல் இருந்தபோது செய்துகொண்டது. ஆபத்துக்கு உதவும் என்று யாரும் செய்வதுதான். அதை அவளிடம் சொல்லிக் கவலைப்படுத்த வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

அதன் பிறகு அவள் சமையலறைக் கதவு எப்போதும் மூடியே இருந்தது. அம்மா என்னைக் கண்டு பயந்து கதவைப் பூட்டிக்கொண்டாள், ஃபோனில் அழுதாள் என்று கிரெட்டா உங்களிடம் சொன்னதாக நேற்று சொன்னீர்கள். ஜூலை ஈரத்தில் இந்த ஊர்க் கதவுகள் உப்பிக்கொள்ளும், மிஸ் ஹோலிங்கர். அடித்துச் சாத்தினால்தான் சாத்தும். பூட்டியது மாதிரி இருக்கும்.

மூன்றாவதாக ஒரு தாடிக்காரப் பையனும் பிள்ளைத்தாய்ச்சி மனைவியும் வந்தார்கள். அவர்களிடம் நான் பேசவே இல்லை. ஃபிளாக்ஸ் அப்போது முழுக்கப் பூத்து நின்றது. சாயங்காலம் வாசனை தெருவைத் தாண்டிப் போகும், அந்துப்பூச்சிகள் தேன்சிட்டு மாதிரி காற்றில் நின்றுகொண்டே தேன் குடிக்கும். அந்தப் பையன் பாத்தியின் முன்னால் இடுப்பில் கைவைத்து நின்றான்.

"இதை எடுத்துட்டுப் புல் போட்டா பசங்க ஓடியாடலாம்."

"தாராளமா போடுங்க தம்பி. குனிஞ்சு குனிஞ்சு என் இடுப்பு போச்சு" என்றாள் அயோனா.

பூக்களின் முன்னாலேயே அதைச் சொன்னாள். நான் வேலிக்கு இந்தப் பக்கம் இருந்தேன். என்னை அவள் பார்த்தாளா என்று தெரியாது. பார்த்திருந்தால் சொல்லியிருக்கமாட்டாள் என்றுதான் நினைக்க விரும்புகிறேன்.

இப்போது நீங்கள் முக்கியமாகக் கேட்டதற்கு வருகிறேன். நான் அவளைக் கொல்ல நினைக்கவில்லை. இதை நீங்கள் நம்பவேண்டும், ஏனென்றால் மற்றதை எல்லாம் மறைக்காமல் சொல்லப்போகிறேன். நான் நினைத்தது ஒரு எலும்பு மட்டும். காலோ, இடுப்போ. அந்த வயதில் எலும்பு சீக்கிரம் கூடாது. செப்டம்பர் போய்விடும், இலையெல்லாம் கொட்டிவிடும், பனி வந்துவிடும். விமானத்தில் ஏற முடியாது. வீடு வாங்க வந்தவர்கள் காத்திருக்கமாட்டார்கள், பிள்ளை பிறக்கும் அவசரம் அவர்களுக்கு. நான் அவளுக்கு சூப் வைத்துக் கொடுப்பேன், தலை வாரிவிடுவேன், ரேடியோ போடுவேன். அப்புறம் ஏப்ரலில் ஃபிளாக்ஸின் சிவந்த முளைகள் மண்ணை முட்டிக்கொண்டு வெளியே வரும். தலையணை வைத்து அவளை ஜன்னலோரம் உட்காரவைத்துக் காட்டுவேன். அதைப் பார்த்த பிறகு அவள் எங்கும் புறப்படமாட்டாள். என் வீட்டுக் கீழறையில் கட்டிலுக்குப் புதுவிரிப்பு போட்டிருப்பதை உங்கள் ஆட்கள் பார்த்தார்கள் அல்லவா, யாருக்கு என்று கேட்டார்கள். அவளுக்குத்தான். போன வாரமே போட்டுவைத்தேன்.

நிலவறைப் படி பழையது என்று முதலில் சொன்னேன். பழையதுதான், பொய் இல்லை. அந்தப் பலகையைப் பிடித்திருந்த திருகாணிகளைக் கழற்றியது நான். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் தேவாலயத்துக்குப் போயிருந்தாள். முழங்கால் வலி, வரமுடியாது என்று பாஸ்டரின் மனைவிக்கு நான் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். என்னிடம் இருந்த திருப்புளி சின்னது, அதனால் மெர்லுடைய பெட்டியிலிருந்தே ஒன்றை எடுத்துக்கொண்டேன், வேலை முடிந்ததும் துடைத்து அங்கேயே வைத்துவிட்டேன். பலகையைப் பழையபடியே பொருத்தி வைத்தேன். பார்த்தால் தெரியாது. மேலேயிருந்து இரண்டாவது படி. கீழ்ப்படியாக இருந்தால் சறுக்கி உட்கார்ந்திருப்பாள், அதனால் பிரயோஜனம் இல்லை.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வேலியருகே போய்க் கூப்பிட்டேன். தேவாலயத்துக்குப் போட்ட நீலச் சட்டையோடேயே வந்தாள். பல நாளுக்குப் பிறகு முகம் கொடுத்துப் பேசினாள். அதுதான் எனக்குக் கொஞ்சம் சிரமமாக இருந்தது.

"முழங்கால் எப்படி இருக்கு? சர்ச்சுல உன் இடம் காலியா கெடந்துச்சு."

"வலிக்குது. ஃபயர் ஸ்டேஷன் விருந்துக்கு பீச் பை செஞ்சு தரேன்னு ஒத்துக்கிட்டுத் தொலைச்சேன். நீ பாகுல போட்டு வச்ச பீச் பாட்டில் கீழ இருக்குமா? நானே போய் எடுத்துக்கறேன்."

"ஆமா, இந்த முழங்காலோட நீ படி எறங்குவியாக்கும். விழுந்து வச்சேன்னா உன்னை யாரு தூக்கறது? பேசாம நில்லு, நான் எடுத்தாரேன்."

அப்படித்தான் சொன்னாள். அவள் அப்படிப்பட்டவள். போகத் திரும்பியவள் நின்று, "எம்மேல கோவமாடி?" என்றாள்.

"இல்ல."

"ஃபோன் பண்ணுவேன் வில்மா. ஞாயித்துக்கிழமைக்கு ஞாயித்துக்கிழமை தவறாம பண்ணுவேன்."

அப்போதாவது தடுத்திருக்கலாமே என்று உங்கள் முகம் சொல்கிறது. ஒரு வார்த்தை போதும், உண்மைதான். வாய்வரை வந்ததோ என்னவோ. ஆனால் ஞாயிற்றுக்கிழமைக்கு ஞாயிற்றுக்கிழமை ஃபோன் என்றாள் பாருங்கள், அதைக் கேட்ட பிறகு சொல்லத் தோன்றவில்லை. தினமும் காலையில் என் சமையலறையில் காப்பி குடித்தவள்.

சத்தம் பெரிதாக இல்லை. பலகை ஒரு தட்டு, பிறகு ஏதோ மூட்டை உருண்ட மாதிரி, பிறகு பாட்டில்கள் உடைந்தது. கீழே அலமாரியில் மோதியிருக்கிறாள்.

நான் வீட்டுக்குள் போய்த் தோட்டக் கத்தரியையும் கூடையையும் எடுத்துக்கொண்டு வேலி வழியாகப் பாத்திக்கு வந்தேன். அதற்கு என்ன அவசரம் என்று கேட்கிறீர்கள். முதல் பூப்பு முடிந்து கொத்துகள் பழுப்பேறிக்கொண்டிருந்தன. தள்ளிப்போட்டால் விதை பிடித்துவிடும். வேலை செய்தால் என் கை அடங்கும். தெருப்பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். கொத்துக்குக் கீழே முதல் ஜோடி இலைக்கு ஒட்டி மேலே நறுக்க வேண்டும். அப்படி நறுக்கினால் இலைக்கணுவிலிருந்து பக்கக் கிளை விட்டு செப்டம்பரில் இன்னொரு தடவை பூக்கும். நறுக்கினதைத் தரையில் போடக்கூடாது, கூடையில் போடவேண்டும்.

அந்தத் தெற்குச் சுவரில் நிலவறைக்கு ஒரு ஜன்னல் இருக்கிறது, தரையை ஒட்டி, பாத்திக்கு நேர் பின்னால். புழுக்கத்துக்காக ஒரு மரத்துண்டைச் செருகிக் கொஞ்சம் திறந்து வைத்திருப்பாள். அதன் வழியாகப் பீச் சர்க்கரைப்பாகின் வாசனை வந்தது. பிறகு அவள் குரல் வந்தது.

முதலில் சும்மா, "வில்மா" என்றாள். சர்க்கரை கடன் கேட்கக் கூப்பிடுவாளே, அந்த மாதிரி.

பிறகு, "வில்மா, படி ஒடைஞ்சு போச்சு. காலை அசைக்க முடியலடி."

பிறகு கொஞ்சம் நேரம் ஒன்றும் இல்லை. கேட்டுக்கொண்டிருந்திருப்பாள். பிறகு, "உன் கத்தரிச் சத்தம் கேக்குது வில்மா. நீ அங்கதான் இருக்க" என்றாள்.

கையை நிறுத்தினேன். நிறுத்தினதும், நிறுத்தினால் நான் கேட்டுவிட்டது அவளுக்குத் தெரிந்துவிடும் என்று தோன்றியது. அதனால் மறுபடி நறுக்கினேன்.

கேலிகூடச் செய்தாள். "பூவ அப்பறமா வெட்டலாம்டி. இங்க நான் வாடிக்கிட்டுக் கெடக்கேன்." நான் சிரித்துவிடப் பார்த்தேன். உண்மையாகவே உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

ஏன் போகவில்லை என்று நீங்கள் மூன்றாவது தடவையாகக் கேட்கிறீர்கள். யோசித்துத்தான் பதில் சொல்கிறேன். உடனே போனால் உடனே ஆம்புலன்ஸ் வரும், உடனே கிரெட்டாவுக்கு ஃபோன் போகும், அவள் விமானம் பிடித்து வந்து அம்மாவை அப்படியே அள்ளிக்கொண்டு போய்விடுவாள். அதை நான் முன்னாலேயே யோசித்திருக்க வேண்டும், யோசிக்கவில்லை. ஆகவே யோசிக்க எனக்குக் கொஞ்சம் நேரம் வேண்டியிருந்தது. அது ஒன்று. பாத்தியைப் பாதியில் விட்டால் அசிங்கமாக இருக்கும், அது ஒன்று. இன்னொன்றும் இருந்தது. அவளும் கொஞ்சம் காத்திருக்கட்டும் என்று இருந்தது. மே மாதத்திலிருந்து நான் காத்திருந்தேன், அவள் வந்து 'போகலைடி வில்மா' என்று சொல்வாள் என்று. சத்தமில்லாமல் காத்திருந்தேன். அவள் சத்தமாகவாவது காத்திருந்தாள்.

வெள்ளை முடிந்தது. ரோஸ் முடிந்தது. வெயில் சுவரைவிட்டு இறங்கியது. அவள் அப்போது வாக்கியமாகப் பேசுவதை நிறுத்திவிட்டிருந்தாள். பெயரை மட்டும் சொன்னாள். கொஞ்சம் விட்டு மறுபடி பெயர். பிறகு பெயரில் பாதி. கடைசித் தூர் ஜன்னலுக்கு நேர் முன்னால் இருக்கிறது, ஆற்றங்கரையிலிருந்து கொண்டு வந்த பழைய செடி. அதற்கு வந்தபோது உள்ளேயிருந்து என் செருப்பு அவளுக்குத் தெரிந்திருக்கும். நான் குனிந்து பார்க்கவில்லை. நான் அதை நறுக்கி முடிக்கும்போது சத்தம் இல்லை.

கூடையை ஜன்னலோரம் கொட்டினேன். உங்களோடு வந்தவர் அந்தக் குவியலைத்தான் கையில் எடுத்துப் பார்த்தார், ஈரம் காயாத கொத்துகள் என்று உங்களிடம் சொன்னார். கெட்டிக்காரர். வழக்கமாக எரு மேட்டில் கொட்டுவேன், அன்று மறந்துவிட்டேன். கத்தரியை ஸ்பிரிட் வைத்துத் துடைத்தேன், இல்லாவிட்டால் நோய் ஒரு செடியிலிருந்து இன்னொன்றுக்குப் பரவும். கை கழுவினேன். பிறகு என் சாவியைப் போட்டு அவள் சமையலறை வழியாக உள்ளே போய், நிலவறைக் கதவைத் திறந்து, மேலேயிருந்து பார்த்தேன். பிறகு ஃபோன் செய்தேன்.

ஆம்புலன்ஸில் வந்த பையன் ஒருவன் மற்றவனிடம் தணிந்த குரலில் சொன்னான், தொடை எலும்பு முறிந்து உள்ளுக்குள்ளேயே ரத்தம் போயிருக்கிறது, கொஞ்சம் முன்னால் கூப்பிட்டிருந்தால் பிழைத்திருப்பார் என்று. எனக்குக் காது நன்றாகக் கேட்கும். எலும்பு முறிந்தால் அப்படி ஆகும் என்று எனக்குத் தெரியாது. எலும்பைப் பற்றித் தெரிந்துகொண்டு செய்திருக்க வேண்டும். அந்தக் குறை என் பேரில்தான்.

எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். திருகாணிகளைக் கழற்றினேன். பொய் சொல்லி அவளைக் கீழே அனுப்பினேன். அவள் கூப்பிட்டதைக் கேட்டேன். மதியம் முழுக்கக் கேட்டேன். போகவில்லை. வக்கீல் வேண்டாம்.

பாத்திக்கு இந்த வாரம் யாராவது தண்ணீர் விட்டார்களா? மழை வருகிற மாதிரி இல்லை. நறுக்கின பிறகு ஒரு வாரம் வேர் காயக்கூடாது. உங்கள் ஆட்கள் மஞ்சள் நாடா கட்டிவிட்டுப் போய்விட்டார்கள், நாடாவைத் தாண்டி யார் போவார்கள். கொஞ்சம் எழுந்து நடக்கிறேன், நீங்கள் எழுதுங்கள்.

வெளியே நடைக்கூடத்தில் கிரெட்டா உட்கார்ந்திருக்கிறாள், வரும்போது பார்த்தேன். நான் அவள் அம்மாவை வெறுத்தேன் என்று சொல்கிறாளாம். அவளுக்கு என்ன தெரியும், பாவம். நான் சொன்னேன் என்று சொல்லவேண்டாம், ஆனால் நீங்களாக ஒன்று அவளிடம் சொல்லுங்கள். அன்று மதியம் அயோனா மகளைக் கூப்பிடவில்லை. மெர்லைக் கூப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமையாக இருந்தும் கடவுளைக்கூட ஒரு தடவை கூப்பிடவில்லை. நான் ஜன்னலுக்கு இந்தப் பக்கமே இருந்தேன், ஒன்றையும் தவறவிடவில்லை. கடைசிவரை என் பெயர் மட்டும்தான். இந்த நாற்பது வருஷத்தில் அவள் என்னை அத்தனை தடவை கூப்பிட்டதே இல்லை.